கசுபா இளைத்த ஏழு மாதம்

கிட்வே நகரச் சந்தையில் சோளக்களியும் மீன் குழம்பும் விற்ற கசுபாவுக்கு, கடையிலேயே தலை கிறுகிறுத்து விழுந்த அன்றுதான் தனக்கு ரத்தக் கொதிப்பு இருப்பது தெரிந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் எடை பார்த்தாள். நூற்றெட்டு கிலோ.

“மாத்திரை மட்டும் போதாதும்மா. ஒடம்பு எறங்கினா பிரஷரும் எறங்கும். உப்பைக் கொறைங்க, களியைப் பாதியாக்குங்க.”

கசுபா அப்படியே செய்தாள். மினிபஸ் ஏறாமல் சந்தைக்கு நடந்தே போனாள். ஏழு மாதத்தில் பதினாறு கிலோ குறைந்தது. பிரஷரும் இறங்கியது.

ஆனால் ஊர் வேறு கணக்குப் போட்டது. நன்றாக இருந்தவள் திடீரென்று இளைத்தால் அது எய்ட்ஸ்தான். வாடிக்கைக்காரர்கள் பக்கத்துக் கடைக்கு நகர்ந்தார்கள். ஒருவன் அவள் பரிமாறிய தட்டைத் தொடாமலே எழுந்து போனான்.

நாத்தனார் மவிலா வீட்டுக்கே வந்துவிட்டாள். “அண்ணி, மறைக்காம சொல்லுங்க. எங்கண்ணனுக்கும் ஒட்ட வச்சிட்டீங்களா?”

“பிரஷர்தான் மவிலா. இந்தா, சீட்டைப் பாரு.”

“நான் பாத்து என்ன? சந்தையில ஒட்டி வைப்பீங்களா?”

அவள் போனபிறகு கணவன் கபாசோ முணுமுணுத்தான்: “பழையபடி ஆயிடு கசுபா. பொண்டாட்டிக்குச் சோறு போடாதவன்னு நான் வேலை பாக்குற லாரி செட்ல சிரிக்கிறானுங்க.”

அன்றிலிருந்து கசுபா பசியில்லாமலே தின்றாள். தினமும் மாத்திரை விழுங்குவதைப் பார்த்தால் அதற்கும் பேசுவார்களே என்று அதையும் விட்டாள். கன்னம் உப்பியது. கடையில் கூட்டம் திரும்பியது. “இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கீங்க,” என்றாள் மவிலா.

மழை தொடங்கிய வாரம். களி கிண்டிக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து துடுப்பு நழுவியது. எடுக்கக் குனிந்தாள், வலக்கை அசையவில்லை. யாராவது பிடியுங்கள் என்று கத்த நினைத்தாள். வாயிலிருந்து குழறல்தான் வந்தது.

“காலையிலயே ஊத்திக்கிட்டியாக்கா?” என்று வரிசையில் ஒருவன் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அவள் சரிந்து விழுந்த பிறகுதான் ஓடி வந்தார்கள்.

உயிர் பிழைத்தாள். வலப்பக்கமும் பேச்சும் போயின.

கபாசோ ஊட்டிய கஞ்சியில் பாதி அவள் கடைவாயில் வழிந்தது. அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதான். “என்னைத் திட்டு கசுபா. ஒரு வார்த்தை திட்டிடு.”

அவளுக்கும் திட்டத்தான் ஆசையாக இருந்தது. நாக்குப் புரளவில்லை.