சக்கரபாணியின் அடுப்பு

சக்கரபாணிக்குக் கிதார் வந்த கதையை விட, அந்தக் கிதாருக்கு ஆம்ப்ளிஃபயர் வந்த கதைதான் பெரிது. பகலில் மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டைக்குக் கணக்கெழுதும் குமாஸ்தா, சாயங்காலம் காசியின் மெல்லிசைக் குழுவில் கிதார். அப்படிப்பட்டவன் வெளிநாட்டு செட்டைக் கனவில்தான் வாங்க முடியும். டிரான்சிஸ்டர் செட் வாங்கு, கனமும் கிடையாது, சூடும் கிடையாது என்று பாடகனும் குழுத் தலைவனுமான காசி அடித்துச் சொன்னான். அந்தச் சத்தம் தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது, வால்வு செட்தான் வேண்டும் என்று சக்கரபாணி ஒற்றைக் காலில் நின்றான்.

கீழ்பென்னாத்தூரில் மூடிப்போன டூரிங் டாக்கீஸில் பழைய வால்வு செட்டுகள் கிடப்பதாக ரேடியோ ரிப்பேர் கடை குலாம் ரசூல் துப்புச் சொல்லி, கூடவே வந்தார். பெரிது ஒன்று, சின்னது ஒன்று. சின்னதை ஓடவிட்டு, வால்வுகளைப் பென்சிலால் தட்டிக் கரகரப்பு வருகிறதா என்று காது கொடுத்தார். டிரான்ஸ்ஃபார்மரைத் தொட்டுச் சூடு பார்த்தார்.

"பெருசு வேணாங்க. சின்னதுன்னா சத்தம் கம்மியா வைக்கும்போதே லேசா உடைஞ்சி வரும். அந்த உடைசல்தானே உங்களுக்கு வேணும்?"

அதேதான். சைக்கிளை விற்று வாங்கினான். பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தான். காசி அதைப் பார்த்த அன்றே 'அடுப்பு' என்று பேர் வைத்துவிட்டான். வால்வு சூடேறக் காத்திருக்கும்போதெல்லாம், அடுப்பு பற்ற வைத்தாயிற்றா, சோறு எப்போது என்று கேட்காமல் அவனுக்குப் பொழுது போகாது. சக்கரபாணியும் சிரித்துக்கொள்வான். சத்தம் உடையத் தொடங்குகிற இடத்தில், குமிழுக்குப் பக்கத்தில், மனைவி வேதாவின் நகப்பாலிஷால் சிவப்பாக ஒரு பொட்டு வைத்திருந்தான். அந்தப் பொட்டில் வைத்து வாசித்தால் கிதார் அழும். ஊரில் அவனைக் கிதார்காரர் என்று கூப்பிட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அந்தப் பேரைத் தவிர அவனிடம் வேறு சொத்து எதுவும் இல்லை.

ஒரு நாள் காசி வந்து, மறுநாள் குழு வாசிக்கவிருந்த திருவூடல் தெரு மண்டபத்து ரிசப்ஷன் தள்ளிப்போய்விட்டது என்றான். மெட்ராஸிலிருந்து தன் மச்சான் ராமகிருஷ்ணன் வந்திருக்கிறான், அவனும் கிதார் வாசிப்பான், வீட்டில் ரெண்டு பாட்டு வாசிக்க அடுப்பைக் கொடேன் என்றான். சக்கரபாணி தானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தான். கொடுத்ததோடு விட்டானா? பைத்தியக்காரன், மச்சானைப் பக்கத்தில் உட்கார வைத்து, சிவப்புப் பொட்டின் ரகசியத்தையும் சொல்லிக்கொடுத்தான். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. செட் ஓடும்போது ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கக் கூடாது. அதை யாராவது பிடுங்குவார்கள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் மண்டி விட்டு நடந்து வந்தான். திருவூடல் தெரு திரும்பும்போதே காதில் விழுந்தது. கிதார் அழுகிறது. அவனுடைய உடைசல், அவனுடைய பொட்டு. யார் வீட்டுக் கல்யாணமோ என்று நினைக்கக்கூட அவனுக்கு வழியில்லை. சத்தம் அதே மண்டபத்திலிருந்துதான்.

உள்ளே போனால் மேடையில் காசி பாடுகிறான், மச்சான் வாசிக்கிறான், நடுவில் அடுப்பு. பாட்டு முடிந்து, பெண்ணின் அப்பா நன்றி சொல்ல மைக்கைப் பிடித்தார். அடுப்பு லேசாக உறுமிக்கொண்டிருந்தது. டிரான்சிஸ்டர் செட்டிலேயே பழகிய ராமகிருஷ்ணன், உறுமலை நிறுத்துகிறேன் பேர்வழி என்று ஸ்பீக்கர் வயரில் கை வைத்தான். மடியில் கிதார். வயரைப் பிடுங்கிவிட்டுக் கிதாரை வாசித்தால் போயிற்று. எரிந்து தொலையட்டும் என்று சக்கரபாணி நின்றிருக்கலாம். கால் நிற்கவில்லையே.

"வயரப் புடுங்காத! டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சிடும்."

மேடையில் ஏறி அவன் கையைப் பிடித்துவிட்டான். மண்டபமே திரும்பிப் பார்த்தது. காசிக்கு முகம் வெளுத்தது. ஆனால் வாய் தயங்கவில்லை. மைக்கை வாங்கி, "ஒண்ணும் இல்லீங்க. நம்ம மைக் செட் மெக்கானிக்" என்று சிரித்தான்.

சக்கரபாணி சுவிட்சை அணைத்தான். செட்டின் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சூட்டோடு தூக்கினால் வால்வுக்குள் கம்பி அறுந்துவிடும், ஆற வேண்டும். காசி குனிந்து, மானத்தை வாங்காதே என்று காதோடு கெஞ்சினான்.

"ஏன்டா எங்கிட்ட பொய் சொன்ன?"

"நெசத்தச் சொன்னா அடுப்பக் குடுத்திருப்பியா?"

"குடுத்திருப்பேன்டா."

சத்தியமாகக் கொடுத்திருப்பான். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

மச்சானின் கிதாரை மைக் செட்டிலேயே நேராகச் சொருகினார்கள். அடுத்த பாட்டு தகரச் சத்தத்தோடு கிளம்பியது. முடிந்ததும் சனம் முன்பு தட்டிய மாதிரியேதான் கை தட்டியது. ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கிதார் அழ வேண்டிய இடத்தில் காசி மட்டும் பாட்டை விட்டுத் திரும்பிப் பார்த்தான். அப்போது சக்கரபாணி செட்டின் மேல் கை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆறியதும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினான். வாசலில் பெண்ணின் அப்பா வழி மறித்தார். நல்ல மனுஷர்.

"மெக்கானிக், பந்தி போட்டாச்சு. சாப்ட்டுட்டுப் போப்பா."

போன வருஷம் அவருடைய மூத்த பெண் கல்யாணத்தில் வாசித்ததும் சக்கரபாணிதான். அவன் தெருவில் இறங்கி நடந்தான்.