இடது முழங்காலுக்குக் கீழே

அறுவை சிகிச்சையின்போது நோயாளியின் கால்களைத் தூக்கித் தாங்கிகளில் வைப்பது அவள் வேலை. பதினெட்டு வருடமாக ஆபரேஷன் தியேட்டர் உதவியாளர். அன்று வந்தவள் ஒரு தையல்காரி; கர்ப்பப்பையில் கட்டி. மயக்கத்தில் கண் செருகுமுன், "அக்கா, காலு பத்திரம். புருஷன்மேல கோவம் வந்தா மிஷினைத்தான் மிதிப்பேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

நான்கு மணி நேரம் இழுத்தது. நடுவில், இடது முழங்காலுக்கு அண்டக் கொடுத்திருந்த பஞ்சுத் திண்டு நழுவித் தரையில் விழுந்தது. சரிசெய்ய வேண்டுமானால் டாக்டரம்மா கையை நிறுத்த வேண்டும். அவரோ நிற்காத ரத்தத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். உதவியாளர் திண்டை ஓரமாகத் தள்ளிவிட்டு நின்றாள்.

மறுநாள் தையல்காரியால் இடது பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. முதுகில் போட்ட மயக்க ஊசியால் இருக்கும், முதுகை ஸ்கேன் எடுப்போம் என்று பேசிக்கொண்டார்கள். உதவியாளர் ஆஸ்பத்திரியின் பிரார்த்தனை அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். எழுந்தபோதும் பாரம் இறங்கவில்லை. கடவுளுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே, தெரியாதது டாக்டருக்குத்தான். நேரே டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள்.

"திண்டு விழுந்துச்சும்மா. கால் இரும்புல அழுந்தியிருக்கும். பார்த்துட்டும் நான் வாயே திறக்கல."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "கத்துவேன்னுதானே சொல்லல?"

"ஆமாம்மா."

"நடுவுல ஒரு தடவை காலை இறக்கி வைக்கச் சொல்லியிருக்கணும். நானும் மறந்துட்டேன். வா."

வார்டில் டாக்டரம்மா தையல்காரியின் பாதத்தில் நாடியைத் தொட்டுப் பார்த்தார். ரத்த ஓட்டம் சரியாக இருந்தது. முழங்காலுக்குக் கீழே வெளிப்புற எலும்பருகே தட்டியதும் பாதம்வரை சுரீர் என்றது. "நரம்பு இங்கதான் நசுங்கியிருக்கு. பயிற்சி செஞ்சா பெரும்பாலும் திரும்பும், மாசக் கணக்காகும். தப்பு எங்களுதுதாம்மா." திண்டு விழுந்ததையும், பார்த்தும் வாயைத் திறக்காததையும் உதவியாளர் தானே சொன்னாள்.

தையல்காரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "அக்கான்னு நம்பித்தானே சொன்னேன்."

அன்று வேலை முடிந்ததும் உதவியாளர் வந்து அந்தப் பாதத்தை ஏந்தி, மெல்ல மேல்நோக்கி மடக்கினாள். மறுநாளும் வந்தாள். பிறகு தையல்காரியின் வீட்டுக்கும் போனாள். முதல் வாரம் தையல்காரி பேசவில்லை. இரண்டாம் வாரம், "கை ஐஸா இருக்கு, தேய்ச்சுட்டுத் தொடு" என்றாள்.

ஏழாம் வாரம் கால் கட்டைவிரல் ஒரு நெல்லளவு எழுந்தது.

"நீ தூக்கினியாக்கா?"

"நான் கையை எடுத்து எவ்வளவு நேரமாச்சு!"

தையல்காரி மூலையைப் பார்த்தாள். "அந்த மிஷின் உறையைக் கழட்டுக்கா. தூசி தட்டணும்."