லீவு நாள் மாத்திரை

என் அண்ணிக்கு இரண்டு பெயர் உண்டு. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் நேரில் 'மேடம்' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'பிரேக் அக்கா' என்பார்கள். அவர் கற்றுக் கொடுக்கும் வண்டியில் பக்கத்து இருக்கையின் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் தடுமாறினால் அண்ணியின் கால் அதில் இறங்கிவிடும். இருபது வருடங்களுக்கு மேலாக அந்த ஒரு காலை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது.

நான் அவருடைய நாத்தனார், அதாவது அவர் கணவரின் தங்கை. மாடியில் குடியிருக்கிறேன். ஜன்னல் திரைகள் தைத்து வீடு வீடாகப் போய் மாட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஆகாது என்று உலகம் சொல்லும். எங்களுக்கும் ஆகாதுதான், ஆனால் ஒருநாள் வாய்ச்சண்டை இல்லாவிட்டால் இருவருக்கும் சாப்பாடு இறங்காது. துணிகளையும் கம்பிகளையும் ஏற்றிப் போக நான் ஒரு வேன் வாங்க நினைத்தபோது, ஓட்டச் சொல்லித் தரும்படி அவரிடம்தான் போய் நின்றேன்.

"சொந்தக்காரங்களுக்கு நான் சொல்லித் தர்றதில்ல. சொந்தமும் போகும், கிளட்ச்சும் போகும்" என்றார். ஒரு வாரம் கெஞ்சவிட்டுப் பிறகு ஒப்புக்கொண்டார்.

அதற்குச் சில மாதங்கள் முன்னால்தான் அவருக்கு ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருப்பது தெரிந்தது. கூடவே படபடப்பும் இருந்தது. டாக்டர் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார். இதயம் அடித்துக்கொள்ளும் வேகத்தைக் குறைத்து அழுத்தத்தை இறக்கும் மாத்திரை, தினமும் காலையில் ஒன்று. அண்ணன் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆள். மாதாமாதம் மாத்திரை வாங்கி வந்து அலமாரி டப்பாவில் போட்டுவிடுவார். அண்ணி போட்டுக்கொள்கிறாரா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பெல்ட் போடாத ஆளை வண்டியில் உட்காரவே விடாத பெண்மணி, மாத்திரை விஷயத்தில் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்?

நடுவில் அவருடைய வண்டி பழுதாகிப் பணிமனைக்குப் போனது. பத்துப் பன்னிரண்டு நாள் அண்ணி வீட்டிலேயே இருந்தார். முகம் தெளிந்து, கத்தல் குறைந்து, என்னிடம்கூட அன்பாகப் பேசினார். எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. வண்டி திரும்பி வந்ததும் பழைய அண்ணியும் திரும்பி வந்தார். ஓரிரு நாளில் மறுபடி ஓட்டிப் பழக என் முறை வந்தது.

அன்று மேட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தி எடுக்கப் பழகினேன். மேட்டில் வண்டியை எடுப்பது எனக்குக் குதிரைக்கொம்பு. கிளட்சை விட்டேன், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. மறுபடியும் அணைந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்துத் தீர்த்தார்கள். வழக்கமாக இந்நேரம் அண்ணி என் பரம்பரையையே இழுத்திருப்பார், அது அவர் புருஷனுடைய பரம்பரையும்தான் என்பதை மறந்து. அன்று சத்தமே இல்லை. கோபத்தில் உம்மென்று இருக்கிறார் என்று நினைத்து நானும் வீம்பாகத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் முறை வண்டி நகர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா, எடுத்துட்டேன்" என்றேன்.

"ஓரம் கட்டு." குரல் அவருடையதாகவே இல்லை.

திரும்பினேன். முகமெல்லாம் வேர்வை. ஒரு கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு துடிப்பது எனக்கே தெரிந்தது.

"ஐயோ அண்ணி!"

"இண்டிகேட்டர் போடு. கண்ணாடிய பாரு. இப்போ திருப்பு."

உயிர் போகிற வலியிலும் இண்டிகேட்டர். அழுதுகொண்டே ஓரம் கட்டினேன். நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட்டிவிடலாமா என்று கேட்டேன். "உன் ஓட்டத்துக்கு ரெண்டு பேரும் போய்ச் சேர வேண்டியதுதான். ஆம்புலன்ஸ கூப்பிடு" என்றார். கூப்பிட்டேன். வண்டி வரும் வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இனி உங்களோடு சண்டையே போடமாட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "சும்மா இரேன்" என்றார்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். அண்ணன் பணி உடையில், கையில் கிரீஸோடு ஓடி வந்தார். மாரடைப்பு இல்லை என்று தெரிய நேரமானது. அழுத்தம் மட்டும் தாறுமாறாக ஏறி, இதயம் தறிகெட்டு ஓடியிருந்தது. மருந்து ஏற்றி அதை அடக்கினார்கள். மாத்திரையை எழுதிக் கொடுத்த டாக்டரம்மா வந்தார். சின்ன வயதுதான். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாத்திரை போடறீங்களா?"

"போடறேனே" என்றார் அண்ணி. கொஞ்சம் பொறுத்து, "லீவு நாள்ல" என்றார்.

அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டார். டப்பா எப்போதும் நிறைந்தே இருந்தது அவர் கண்ணிலும் பட்டிருக்கிறது. தான்தான் சீக்கிரம் சீக்கிரம் வாங்கிவிடுகிறோம் என்று நினைத்தாராம். லிஃப்டில் ஒரு திருகு தளர்ந்தால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிற மனிதர்! எனக்கு வந்த கோபத்தில் யாரை முதலில் திட்டுவது என்று தெரியவில்லை.

"வண்டி இல்லாம வீட்ல இருந்தப்போ?" என்று, பணிமனைக் கதையை நான் சொன்னதும் டாக்டர் கேட்டார்.

"தினமும் போட்டேன். வேலைக்குக் கிளம்பின அன்னிக்கு நிறுத்திட்டேன்."

"அதுதாம்மா ஆபத்து. இது தலைவலி மாத்திரை மாதிரி நெனச்சா போட்டு நெனச்சா விடறது இல்ல. தினமும் போட்டு உடம்பு பழகினப்புறம் திடீர்னு நிறுத்தினா, அடங்கிக் கெடந்ததெல்லாம் ஒண்ணா எழுந்துக்கும். பிரஷர் ஏறும், நெஞ்சு வலிக்கும், மாரடைப்பே வரலாம். நிறுத்தியே ஆகணும்னாலும் நாங்க பாத்துக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைப்போம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏன் நிறுத்தினீங்க? அத சொல்லுங்க" என்றார்.

அண்ணி எங்களைப் பார்த்தார். சொல்ல வெட்கப்படுகிற முகம். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எனக்கு நெஞ்சு திக்குன்னு ஆனாத்தான் கால் பிரேக்குக்குப் போகும் டாக்டர். இத்தன வருஷமா அப்படித்தான். இந்த மாத்திரைய போட்டதும் நெஞ்சு கல்லாட்டம் இருக்கு. முதல் வாரத்துலயே ஒரு பொண்ணு நேரா லாரி மேல விடப் போச்சு. எனக்கு ஒண்ணுமே ஆகல. படபடப்பு இல்ல, வேர்க்கல. பயமே வரல. பயமில்லாதவ அந்த சீட்ல உக்காரலாமா? யாரையாவது கொன்னுட்டா?"

"அன்னிக்கு வண்டி நின்னுதா?"

"நின்னுது."

"யார் நிறுத்தினது?"

அண்ணி போர்வையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். டாக்டரே சொன்னார்: "மாத்திரை நெஞ்சு அடிச்சுக்கறதத்தான் கொறைக்குது. உங்க கண்ணையும் காலையும் பிடிச்சு வெக்கல. ஆனா தலை சுத்தினா, ரொம்ப அசதியா இருந்தா, அப்போ வண்டியில உக்காரவே கூடாது. அத எங்கிட்ட வந்து சொல்லணும். அளவ மாத்தலாம், வேற மருந்துக்கே போலாம், எவ்வளவோ வழி இருக்கு. நீங்களா முடிவு பண்ணாதீங்க, அவ்வளவுதான்."

"வேல போயிடுமோன்னு..." என்று ஆரம்பித்த அண்ணி முடிக்காமல் அழுதார். ஊரையே அதட்டி வைத்திருந்த என் அண்ணி, சின்னப் பிள்ளையாட்டம் தேம்பி அழுதார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கையில் ஊசி குத்தியிருந்ததால் காலைப் பிடித்துக்கொண்டேன்.

சில வாரங்கள் வண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வந்தது. காலையில் அண்ணி பல் துலக்கி வரும்போது நான் டம்ளரில் தண்ணீரோடு நிற்பேன். "போலீஸ்காரி வந்துட்டா" என்பார். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டச் சொல்வேன். ஒருநாள் காலையில் மறந்து மதியம்தான் ஞாபகம் வந்தது. அடுத்த வேளைக்கு நேரம் நிறைய இருந்ததால் அப்போதே போட்டுக்கொண்டார். இப்போது எதற்கு, மறுநாள் சேர்த்துப் போட்டுவிடலாமே என்று அண்ணன் சொன்னதற்கு, "இரட்டையா போடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னது உங்க காதுல விழலையா?" என்று அவரையே மடக்கினார். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த பயத்தில் அண்ணனுக்கும் நெஞ்சு படபடத்ததாம். அந்த டப்பாவில் ஒன்று எடுத்துப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அவருக்கு ஆஸ்துமா இழுப்பு உண்டு. இழுப்புக்காரர்களுக்கு இந்த மாத்திரை மூச்சையே அடைத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த முறை இரண்டு பெண்களும் சேர்ந்து திட்டினோம்.

சுகமாக மட்டும் போகவில்லை. அண்ணியின் விரல்கள் சில்லிட்டன. படுக்கையிலிருந்து எழுந்தால் கண் இருட்டியது. மாடிப்படி ஏறி என்னிடம் வருவதற்குள் உட்கார்ந்துவிடுவார். "இப்படி இருக்கறதுக்கு அந்த வலியே தேவல" என்று ஒருநாள் டப்பாவைத் தூக்கிப் போடப் போனார். நான் பிடுங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க, டாக்டர்கிட்டயே தூக்கிப் போடலாம்" என்றேன். டாக்டர் நாடித் துடிப்பைப் பார்த்தார், குறைவாக இருக்கிறது என்று அளவைக் குறைத்தார். எழுந்ததும் கொஞ்சம் உட்கார்ந்து பிறகு நிற்கச் சொன்னார். அடுத்தடுத்த வாரங்களில் கண் இருட்டுவது நின்றது, அழுத்தமும் இறங்கியே இருந்தது. இனி வேலைக்குப் போகலாம் என்றார்.

போகலாம் என்று சொல்லிவிட்டால் ஆயிற்றா? முதல்நாள் காலையில் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அண்ணி வெகுநேரம் நின்றார். என்ன யோசிக்கிறார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் அது தெரியும்.

"வெளியாள் யாரையும் இன்னிக்கு வரச் சொல்லல. நீதான் ஓட்டற. என்ன ஆனாலும் வீட்டோட போகட்டும்" என்றார். விழுங்கினார்.

வெளுத்த வெயிலில், இரண்டு பக்கமும் வண்டிகள் நிறுத்தியிருந்த குறுகலான தெருவில் நான் ஓட்டினேன். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவருடைய மாத்திரை எனக்குத்தான் வேண்டியிருந்தது. ஒரு சரக்கு வண்டியைத் தாண்டும்போது, அதன் மறைவிலிருந்து போனில் பேசிக்கொண்டே ஓர் ஆள் நேராக என் முன்னால் இறங்கினார்.

நான் கத்தினேன். கத்த மட்டும்தான் செய்தேன். வண்டி நின்றிருந்தது.

அந்த ஆள் ஒரு முழத் தூரத்தில், போன் காதில் இருக்க, வாயைப் பிளந்து நின்றார். பிறகு எங்களை வசைபாட ஆரம்பித்தார். நான் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். பக்கத்தில் கண்ணாடி இறங்கும் சத்தம் கேட்டது.

"தப்பு எங்க பேர்லயும் இருக்கு சார், மன்னிச்சுக்குங்க. பட்டனையும் மாத்திப் போட்டிருக்கீங்க, பாருங்க."

அந்த ஆள் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். திட்டு பாதியில் நின்றது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் இன்னும் பிரேக்கில்தான் இருந்தது. பயந்துவிட்டாரோ என்று அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி நிதானமாக அடித்தது, ஆனால் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

"என்ன அண்ணி, வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினார்.

"இத்தன வருஷத்துல எத்தன பேருக்காக பிரேக் போட்டிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் கண்ணு இருட்டிடும், நெஞ்சு அடிச்சுக்கும், அப்புறம் வேர்வைய தொடச்சுக்கிட்டு கத்துவேன். ஒருத்தரோட முகமும் எனக்கு ஞாபகமில்ல. இன்னிக்குத்தான் ஒருத்தர பாத்தேன்."

அந்த ஆள் தெருமுனையில் நின்று பட்டனைச் சரிசெய்துகொண்டிருந்தார்.