ஆமாங்கம்மா

...ஊது என்று மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம், அதுவும் கூடத்தில், ஏழு பேர் தட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கும்போது, ‘தென்றல், இங்க வா, வாய ஊது’ என்று, பைக்கை மறிக்கிற போலீஸ்காரர் மாதிரி... நினைக்க நினைக்க உண்ணாமலைக்குக் காது சுட்டது. அந்தப் பெண் ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டாளா? கண்ணை மூடி, முகத்தை நிமிர்த்தி, ஊதினாள், இதற்கு முன் எத்தனை பேருக்கு அப்படி நிமிர்த்திக் காட்டிய முகமோ. வாடை வந்தது. குடிச்சியா என்று இவள் கேட்டாள். ‘ஆமாங்கம்மா.’ அவ்வளவுதான், ‘சாவியக் குடு’ என்று கையை நீட்டிவிட்டாள். அந்தச் சாவிதான் இப்போது உள்ளங்கை வியர்வையில் நனைந்துகொண்டிருக்கிறது, நீலப் பொத்தான் கோத்த சாவி, தையல் வகுப்பில் முதல் ரவிக்கை தைத்தபோது மிச்சமான பொத்தான் என்று சொல்லி அவளே கட்டிக்கொண்டது.

“இன்னாக்கா, சாவிய கையிலயே புடிச்சினு வர்றீங்க, புது வீடு எதுனா வாங்கிட்டீங்களா?” ஷேர் ஆட்டோ ராமதாஸ் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். “ஆமாப்பா, பங்களா. நீ ரோட்டப் பாரு.” சொன்ன பிறகுதான் உறைத்தது, ஆமாம் என்று சொல்ல தனக்கு எத்தனை சுலபமாக இருக்கிறது, பிடிக்காத பேச்சை முடிக்க அதைவிடச் சுருக்கமான வழி உண்டா என்ன? அடி அண்ணாமலையிலிருந்து செங்கம் ரோட்டுக்குப் போகும்போது மலை இடப்பக்கம் வரும், கிரிவலம் வருகிறவர்கள் எல்லாரும் எதிரே வருவார்கள், இன்றைக்கு அவர்கள் முகத்தைக்கூட நேராகப் பார்க்க முடியவில்லை, எல்லாரும் சரியான பக்கம் நடக்க, தான் மட்டும் மாறிப் போகிற மாதிரி... உண்ணாமலை நடத்தும் அந்த வீட்டில் இருக்கிற பெண்கள் எல்லாருமே ஏதோ ஒரு ஊரில், வெளியே பூட்டிய அறைக்குள் கிடந்து மீட்கப்பட்டவர்கள். அதனால்தான் ஆறு மாதம் முடிந்தால் ஆளுக்கொரு கேட் சாவி என்று வைத்தது, வைத்ததே இவள்தான், உள்ளே வருவதும் வெளியே போவதும் உங்க இஷ்டம் என்று மேடை போட்டுப் பேசாத குறை. அதே கையால் பிடுங்கினாளே.

கீதாஞ்சலி அன்றைக்கே சொன்னாள், மனநல ஆலோசனை சொல்ல வாரம் ஒருநாள் வருகிற பெண், தென்றல் வந்து சேர்ந்த முதல் மாதம். ‘அக்கா, இதுகிட்ட ஆமாவா இல்லையான்னு மட்டும் கேக்காதீங்க, எதுக்கும் ஆமான்னுதான் சொல்லும். அங்க ஆமான்னு சொன்னா அடி கம்மி.’ மில் வேலை என்று கூட்டிப்போனவன் மூன்று ஊர் மாற்றியிருக்கிறான், சாயங்காலமானால் ஒரு டம்ளரை நீட்டுவானாம், குடிச்சுடு, வலி தெரியாது என்று. இரண்டு வருஷம். பிறகு டம்ளர் இல்லாவிட்டால் கை நடுங்கும் என்கிற நிலை. அதிலிருந்து மீண்டு பதினாலு மாதம், ஒரு சொட்டு இல்லாமல். கேட்கக் கூடாத கேள்வி என்று உண்ணாமலை தன் கையெழுத்திலேயே நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள், அதையேதான் முந்தாநாள் கேட்டாள்... மறந்தா போனாள்? மறக்கவில்லை. கோபம் வந்தால் நோட்டு எங்கே ஞாபகம் வருகிறது.

இன்று காலை அடுப்படியில், வீட்டில் சமைக்கிற பச்சையம்மாள் முந்தானையைப் பிசைந்துகொண்டு நின்றாள். “நான்தாம்மா குடுத்தேன். இடுப்பு வலின்னு சுருண்டு கெடந்துச்சி. உங்க பீரோவுல இருக்குற அரிஷ்டத்த சுடுதண்ணில ரெண்டு மூடி ஊத்திக் குடுத்தேன். மருந்துதானேன்னு...” உங்க பீரோவுல. உண்ணாமலைக்குப் பால் பொங்கியதுகூடத் தெரியவில்லை. அரிஷ்டம் புளித்து ஊறுகிற சரக்கு, அதில் போதை உண்டு, வாடை உண்டு, அது அவளுக்குத் தெரியாதா? இருமல் டானிக்கூட வாசலைத் தாண்டக் கூடாது என்று பை பையாகச் சோதிக்கிறவள், தன் முட்டிவலிக்கு மட்டும் ஃபைல்களுக்குப் பின்னால் ஒரு பாட்டில் ஒளித்து வைத்திருந்தாள், சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மூடி, மருந்துதானே என்று. பச்சையம்மாள் சொன்ன அதே வார்த்தை. ஆனால் பச்சையம்மாளுக்கு நிஜமாகவே தெரியாது.

செங்கம் ரோட்டில் தான் வேலை செய்யும் தங்கும் விடுதியின் மொட்டைமாடியில் தென்றல் படுக்கை விரிப்புகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். வாரத்தில் ஆறு நாள் வேலை, தானே தேடிக்கொண்ட வேலை. இரண்டு நாளாக வீட்டில் யாரோடும் பேச்சில்லை, காலையில் கிளம்பும்போது துணிப்பையையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள், அதுதான் பயம், போனால் எங்கே போவாள், யார் அவளுக்கு மறுபடி டம்ளர் நீட்டுவார்கள்... பை மூலையில் இருந்தது. நிரம்பி இருந்தது. அதைப் பார்க்காத மாதிரி, “தென்றல், அது சாராயம் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு, பச்சையம்மா குடுத்த மருந்து” என்றாள். பாட்டில் என்னுடையது என்று ஏன் சேர்ந்தாற்போல் வரவில்லை? விரிப்பு காற்றில் எழும்பி இருவருக்கும் நடுவே நின்றது, முகம் மறைந்ததும்தான் வந்தது. “பாட்டில் என்னுதுடி.”

“தெரியுங்கம்மா.”

தென்றல் விரிப்பின் ஓரத்தில் கிளிப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், குற்றம் சொல்கிற குரல் இல்லை, மழை வரும்போல இருக்கு என்கிற குரல். “லைட்டு அணைக்க வருவீங்க இல்ல, போர்வை இழுத்து விடுவீங்க, அப்ப உங்க வாயில வரும் அந்த வாசனை. மொதல்ல கஷ்டமா இருந்துச்சி. செவுத்துப் பக்கமா திரும்பிப் படுத்துக்குவேன். பச்சையம்மாக்கா டம்ளர நீட்டினப்பவே தெரிஞ்சுது. வேணாம்னு சொல்ல வாய் வரலீங்கம்மா.”

அப்படியானால் ‘ஆமாங்கம்மா’ பொய் இல்லை... தெரிந்தே குடித்தாள், கேட்டதற்கு உண்மையைச் சொன்னாள், அடிக்குப் பயந்த ஆமாம் என்று ஆட்டோவில் வரும் வழியெல்லாம் இவள்தான் பரிதாபப்பட்டுக்கொண்டு வந்தாள். பதினாலு மாதம், ஒவ்வொரு நாளும், தாய் மாதிரி போர்வையை இழுத்துவிட்டுப் போகும்போதெல்லாம் அந்தப் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறாள், கூச்சம் என்றல்லவா நினைத்தாள் இவள்? பாட்டிலை இன்னிக்கே கொட்டிடறேன் என்றாள். சாவியை நீட்டினாள். தென்றல் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள், பொத்தானை ஒரு தரம் திருப்பிப் பார்த்தாள், இடுப்பில் செருகினாள். வாங்கிக்கொண்டாளே, போதாதா? போதும் என்று படியிறங்கியிருக்கலாம். இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினாள், அந்தப் பை மூலையிலேயே இருந்தது.

“சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவ இல்ல?”

வாயை விட்டு வந்த பிறகுதான் தெரிந்தது, மறுபடியும் அதே மாதிரிக் கேள்வி. தென்றல் அடுத்த விரிப்பை உதறினாள்.

“ஆமாங்கம்மா.”

உண்ணாமலை படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள், இது எந்த ஆமாம் என்று பிரித்தறியத் தனக்குத் தெரியவில்லை, பதினாலு மாதத்தில் ஒருநாளும் தெரிந்திருக்கவில்லை.