விபத்தில்லா நாட்கள்

கருமாதி முடிந்த மறுநாள் காலை எட்டு ஐம்பதுக்குச் சந்திரமோகன் வழக்கம்போல வேலைக்கு வந்தார். இண்டூர் தாண்டிப் பென்னாகரம் சாலையில் இருந்த மாங்கூழ் ஆலையில், ஊர்க்காரர்கள் ஜூஸ் கம்பெனி என்று சொல்லும் இடத்தில், இருபத்தாறு வருடம் பாதுகாப்பு அலுவலராக இருந்தவர் அவர். வாட்ச்மேன் சவரிமுத்து எழுந்து சல்யூட் வைத்துவிட்டார். அப்புறம்தான், அட, இந்த மனுசனுக்கு நாமே மாலை போட்டோமே என்று ஞாபகம் வந்து உட்கார்ந்தார். தலையில் மஞ்சள் ஹெல்மெட், கழுத்தில் அடையாள அட்டை, எல்லாம் இருந்தன. கால் மட்டும் தரையிலிருந்து இரண்டு விரல் மேலே இருந்தது. கேட்டில் கையெழுத்துப் போட்டார், பேனாவை மூடி வைத்தார், உள்ளே போனார். நிர்வாகம் தலைமை அலுவலகத்தைக் கேட்டது. சம்பளம் கேட்காத வரைக்கும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று பதில் வந்தது.

அவர் செத்த விதமும் ஊரறிந்தது. கேட்டுக்கு உள்ளே பத்தடி உயரத்தில் ‘விபத்தில்லா நாட்கள்’ என்றொரு பலகை உண்டு. தினமும் காலையில் ஏணி போட்டு ஏறி, தகரத்தில் எழுதிய எண்களை அவரே மாற்றி மாட்டுவார். யாருக்கு ஒரு கீறல் பட்டாலும் மறுபடி பூச்சியம். அன்றைக்குப் பலகையில் 364. ஒரு வருடம் முழுசாகப் போகிறது என்ற சந்தோஷத்தில், ஏணியின் அடியை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தானே எழுதி ஒட்டியிருந்த விதியை மறந்துபோய் ஏறினார். ஏணி வழுக்கியது. 365 என்ற எண்ணைக் கையில் பிடித்தபடியே உயிர் போனது. அன்றைக்குப் பலகையைப் பூச்சியமாக்கிய விபத்து அவருடையதுதான்.

சேதி கேட்டு அவர் மனைவி அமுதவல்லி பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். புருசனைப் பார்த்ததும் அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. “என்னாங்க இது, ஊரையே கூட்டிச் சோறு போட்டு அனுப்பி வச்சிருக்கேன், இங்க வந்து நிக்கிறீங்க?” என்று கேட்டாள். “முன்னூத்தி அறுவத்தி அஞ்சு ஆவட்டும் அமுதா. அன்னிக்கு சாயந்திரம் அஞ்சரைக்குக் கெளம்பிடறேன்” என்றார் அவர். அவர் சொன்னால் சொன்னதுதான். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான்.

மறு வருடம் கம்பெனியை மூடிவிட்டார்கள். எந்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பலகையும் சவரிமுத்துவும் சந்திரமோகனும் மிஞ்சினார்கள். அவர் பாட்டுக்கு ஒன்பது மணிக்கு வருவார், ஐந்தரைக்குக் காணாமல் போவார், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. செவ்வாயும் வெள்ளியும் அமுதவல்லி வந்தாள். மதியம் ஒன்றிலிருந்து ஒன்றரை வரை அவருக்குச் சாப்பாட்டு நேரம். சாப்பிட அவருக்கு எதுவும் தேவையில்லை என்பதால் அந்த அரை மணி நேரமும் அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அப்படி உட்கார்ந்ததே இல்லை. வீட்டுக்கு வந்தாலும் காது கம்பெனியில் இருக்கும். செத்த பிறகுதான் அவளுக்கு ஒரு முழுப் புருசன் கிடைத்தார். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பூட்டிய கம்பெனியில் பேய் இருக்கிறது என்ற பேச்சு தருமபுரி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய், பேய் தேடுகிற இளவட்டங்கள் கையில் போனோடு வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ராத்திரியில் வந்தார்கள். சந்திரமோகனுக்கோ ராத்திரி டூட்டி கிடையாது. ஆகவே யாரும் பேயைப் பார்க்கவில்லை. ஒருவன் மூடியில்லாத தொட்டிக்குள் விழுந்தான். ஒருவன் கூரைமேல் ஏறி, சிமெண்ட் ஷீட் உடைந்து தொங்கினான். நாலு பேரைக் குளவி கொட்டியது. செருப்புப் போட்டு வந்தவனை ஆணி குத்தியது. ஒவ்வொரு தடவையும் காலையில் வந்து விவரத்தைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதிவிட்டு, சந்திரமோகன் பூச்சியத்தை மாட்டினார். இரண்டு வருடத்தில் பலகை எழுபத்தொன்றைத் தாண்டவே இல்லை. மனுசன் நொந்து நூலாகிப்போனார்.

கடைசியில் அவரே ஒரு முடிவுக்கு வந்தார். பேய் பார்க்க வருகிறவர்கள் பகலில்தான் வரவேண்டும், முதலில் நாற்பத்தைந்து நிமிடம் பாதுகாப்பு வகுப்பு என்று கேட்டில் எழுதி வைத்தார். ராத்திரி வந்தவர்களைச் சவரிமுத்து கையில் தடியோடு திருப்பி அனுப்பினார். வேப்பமரத்தடியில் வகுப்பு நடந்தது. தனியாகப் போகக் கூடாது, மூன்று பேராவது வேண்டும். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வரவேண்டும். இடத்துக்காரரின் அனுமதிக் கடிதம் வேண்டும். செருப்பு ஆகாது, ஷூ வேண்டும். டார்ச் இரண்டு, பேட்டரி உபரியாக ஒரு ஜோடி. கண் போகாத இடத்தில் கை போகக் கூடாது. முன்னால் தடியால் தட்டிவிட்டுத்தான் காலை வைக்க வேண்டும். குடித்திருந்தால் அப்படியே திரும்பிப் போகலாம். டிடி ஊசி போட்ட சீட்டைக் காட்ட வேண்டும். “பயமா இருந்தா ஓடாதீங்க, நில்லுங்க. பேய் அடிச்சி செத்தவன் எவனும் இல்ல. ஓடி வுழுந்து செத்தவந்தான் ஜாஸ்தி” என்பார். பிறகு பத்துக் கேள்வி. ஏழு சரியாக எழுதினால்தான் உள்ளே விடுவார். வெளியே வந்ததும் அதே வேப்பமரத்தடியில் தலையை எண்ணுவார்.

மதியழகன் என்று ஒரு பையன், பேய் வீடியோ போடுவதில் பேர் வாங்கியவன், மூன்று தடவை தேர்வில் தவறி நாலாம் தடவை தேறினான். ஆலை முழுக்கச் சுற்றிவிட்டு முகம் வாடி வெளியே வந்தான். “சார், இத்தினி வருசமா இங்க இருக்கீங்க, நீங்களாவது ஒருக்கா பேயப் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டான். “டூட்டி நேரத்துல கண்ணாடி பாக்கற பழக்கம் இல்லப்பா” என்றார் சந்திரமோகன். மதியழகனுக்கு விளங்கவில்லை. பேய் இல்லை, ஆனால் அங்கே ஒரு சேஃப்டி சார் இருக்கிறார், ரொம்ப ஸ்ட்ரிக்ட் என்று வீடியோவில் சொன்னான். அவர் கால் தரையில் படாததை யாருமே கவனிக்கவில்லை. உங்கள் காலைப் பார்த்து நடங்கள் என்று அவர் அவ்வளவு அழுத்திச் சொல்லியிருந்தார்.

ஊரடங்கு வந்தபோது ஈ காக்காய்கூட அந்தப் பக்கம் வரவில்லை. பலகை விறுவிறுவென்று ஏறி முன்னூற்று நாற்பத்தொன்றைத் தொட்டது. அமுதவல்லி அப்போதுதான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். இன்னும் இருபத்திநாலு நாள். அந்த யோசனையில் கேட்டைச் சாத்தும்போது தாழ்ப்பாளில் விரல் நசுங்கி ரத்தம் வந்தது. சத்தியமாக அது தற்செயல்தான். சந்திரமோகன் பதறி ஓடிவந்து கட்டுப் போடச் சொன்னார், பதிவேட்டில் எழுதினார், ஏணி போட்டார், சவரிமுத்துவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஏறிப் பூச்சியத்தை மாட்டினார். விரல் வலியோடு பஸ்ஸில் உட்கார்ந்த அமுதவல்லிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்டக்டர் என்னம்மா விசேசம் என்று கேட்டார்.

அதற்கடுத்த வருடம் முன்னூற்று ஐம்பத்தெட்டில் அவளை வேலிக்காத்தான் முள் கிழித்தது. அதற்கும் அடுத்த வருடம் முன்னூற்று அறுபதில் படியில் இடறினாள். இவை தற்செயல் இல்லை என்பதை இங்கே சொல்லிவிடலாம். ஒவ்வொன்றுக்குப் பிறகும் சந்திரமோகன் அவளுக்கு ஒரு பாதுகாப்புச் சாதனம் கூட்டினார். முதலில் கையுறை, அப்புறம் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், அப்புறம் ஹெல்மெட். எவர்சில்வர் கேரியரைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோலத்தில் அவள் பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்து, கரண்டு ஆபீசில் வேலை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். புதியவர்களோடு சேர்ந்து அவளும் வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது. பத்துக்குப் பத்து வாங்கினாள்.

நாலாம் தடவைதான் விபரீதமாயிற்று. முன்னூற்று அறுபத்து மூன்று. பூட்ஸைக் கழற்றிவிட்டு வேண்டுமென்றே ஒரு தகரத்தின்மேல் காலை வைத்தாள். அவளுக்குச் சர்க்கரை உண்டு. புண் ஐம்பது நாளாகியும் ஆறவில்லை. தருமபுரி ஆஸ்பத்திரியில், இன்னும் கொஞ்சம் முற்றியிருந்தால் விரலை எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றார்கள். ஓசூரிலிருந்து வந்த மகள் கனிமொழி, “அப்பாவப் பாக்கப் போறேன்னு சொல்லி நீயும் அங்கயே போயி சேந்துடாத” என்று கத்திவிட்டுப் போனாள். அமுதவல்லி நொண்டிக்கொண்டே கம்பெனிக்குப் போன அன்று, பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சந்திரமோகன் அழுதுகொண்டிருந்தார். செத்த அன்றைக்குக்கூட அந்த மனுசன் முகம் அப்படி இல்லை. “இந்தக் கம்பெனியிலயே ஜாஸ்தி அடிபட்ட ஆளு நீதான் அமுதா. நான் ஒருத்தன் இருந்தும் ஒன்னியக் காப்பாத்த முடியலயே” என்றார். ச்சே, என்ன பொம்பளை நான், என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இனிமேல் இந்தப் பாவத்தைச் செய்வதில்லை, அவர் கணக்கு முடிந்து நிம்மதியாகப் போகட்டும் என்று அன்றைக்கே தீர்மானித்தாள்.

அந்த வருடம் அவள் நடந்த நடையைப் பார்க்க வேண்டும். கண்ணாடி வளையல்காரி கூடையோடு நடப்பதுபோல ஒவ்வொரு அடியாக வைத்தாள். முன்னூறு தாண்டியது, முன்னூற்று ஐம்பது தாண்டியது. மதிய அரை மணி நேரங்களில் இரண்டு பேரும் பலகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி நாள் வியாழக்கிழமை வந்தது. வழியனுப்ப வெறுங்கையோடு போகக் கூடாது என்று விடியற்காலையில் எழுந்து வடை சுட்டாள். எண்ணெய் தெறிக்குமென்று கையுறை போட்டுக்கொண்டு சுட்டாள். ஹெல்மெட், பூட்ஸ், தடி சகிதம் ஒன்பதரை மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். அழுதுவிடக் கூடாது என்று வழியெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டே வந்தவள், கேட்டருகில் வந்து நிமிர்ந்து பார்த்தாள். பலகையில் பூச்சியம் தொங்கியது.

“அய்யோ, யாருக்குங்க என்னாச்சு?” என்று பதறினாள். வேப்பமரத்தடியில் காலை வகுப்புக்கு வந்த ஆறு பேர் கொட்டாவி விட்டுக்கொண்டு முழுசாக உட்கார்ந்திருந்தார்கள். சவரிமுத்து, என்னைக் கேட்காதே என்பதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சந்திரமோகன் பதிவேட்டை அவள் பக்கமாகத் தள்ளினார். இருபத்தாறு வருடமும் அதன் பிறகும் ஒரு பொய்கூட எழுதாத பதிவேடு அது. அடிபட்டவர்: சந்திரமோகன். இடம்: இடது முழங்கால், சிராய்ப்பு. காரணம்: பராக்குப் பார்த்தது. கீழே தேதி, நேரம், கையெழுத்து.

அமுதவல்லி இரண்டு தடவை படித்தாள். தரையில் படாத காலில் எப்படிச் சிராய்க்கும் என்று கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை. “எதப் பராக்குப் பாத்தீங்க?” என்றாள்.

“கேட்டத்தான். நீ வர்ற நேரமாச்சேன்னு.” ஹெல்மெட்டைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். “வேணும்னே பட்டுக்கற காயத்த மொத நாளே கண்டுபுடிப்பேன்னு ஒனக்குத் தெரியாதா அமுதா? எத்தினி லேபரப் பாத்திருக்கேன். இனிமே ஒன் கால நீ பாத்துக்க. வருசத்துக்கு ஒருக்கா நான் வுழுந்துக்கறேன்.”

அவள் முதலுதவிப் பெட்டியைத் திறந்தாள். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, தரையில் குந்தி, பஞ்சில் டிஞ்சரை நனைத்து இடது முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றினாள். எரியுது என்றார் அவர். எரியட்டும் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே துணியைச் சுற்றிக் கட்டினாள். கட்டு காற்றில் அப்படியே நின்றது. சவரிமுத்து வேப்பமரத்தடிக்குப் போய், சாருக்கு அடிபட்டிருக்கிறது, வகுப்பு அரை மணி நேரம் தாமதமாகும் என்று அறிவித்தார். வந்திருந்த ஆறு பேரும் சரி என்று தலையாட்டிவிட்டு, ஆளுக்கொரு வடையை வாங்கிக்கொண்டு, ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டத் தொடங்கினார்கள்.