கடைசிப் பக்கம் வரை அழுக்கு

இப்போதெல்லாம் ஜனங்கள் அட்டையைப் பார்த்துத்தான் புத்தகம் வாங்குகிறார்கள். அட்டையில் நாலு பிள்ளைகள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றால் போதும், உள்ளே சாணி இருந்தாலும் சுமந்துகொண்டு போவார்கள். மகளோடும் பேத்தியோடும் அந்தப் புத்தகக் கடைக்குள் நுழைந்ததுமே கிழவருக்கு எரிச்சல் மண்டிவிட்டது. தரையிலிருந்து கூரை வரை டாக்டர் படிப்பு நுழைவுத் தேர்வுக்கான புத்தகங்கள். ஒவ்வொரு கட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. பிரித்துப் பார்க்கக் கூடாதாம். பிரித்தால் வாங்கியே ஆகவேண்டுமாம். காய்கறி விற்பவன்கூட இப்படிச் சட்டம் பேச மாட்டான்.

அவர் நாற்பது வருஷமாகப் பழைய பேப்பர் கடையில் தராசு பிடிப்பவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், அதுவும் கடைப் பலகைகளை மட்டும். ஆனால் மூடிக் கிடக்கும் புத்தகத்தின் விளிம்பைப் பார்த்தே, வைத்திருந்தவன் எதுவரை படித்தான் என்று சொல்லிவிடுவார். இந்த மாதிரி பளபளப்புக் கட்டுகள் அவரிடம் வண்டி வண்டியாக எடைக்கு வந்திருக்கின்றன. முதல் முப்பது பக்கம் விரல் பட்டுக் கறுத்திருக்கும். மிச்சமெல்லாம் அச்சகத்தை விட்டு வந்த வெள்ளையிலேயே இருக்கும்.

"ஐயா, போன வருஷம் ரேங்க் எடுத்த பிள்ளைங்க எல்லாம் இந்த செட்டுதான் படிச்சாங்க," என்றார் கடைக்காரர்.

"படிச்ச செட்டு ஒண்ண எடுத்துப் போடு, பாக்கறேன்."

"அது எப்படிங்க என்கிட்ட இருக்கும்?"

"அப்ப நீ எதய்யா கண்ட?"

மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, கொஞ்சம் சும்மா இருங்களேன். மானம் போகுது."

பேத்தி நகத்தைக் கடித்தபடி நின்றிருந்தாள். போன வருஷம் மயிரிழையில் கோட்டை விட்டவள். இந்த ஒரு தடவைதான், இதிலும் வராவிட்டால் கிடைத்த காலேஜில் கிடைத்த பாடம் என்று அவள் அப்பன் கறாராகச் சொல்லிவிட்டான். இருப்பது ஏழு மாதம். அதை எந்தப் புத்தகத்தோடு கழிப்பது என்று இன்றைக்கு முடிவு பண்ணியாக வேண்டும்.

கிழவர் தன் துணிப்பையிலிருந்து தடித்த உயிரியல் புத்தகம் ஒன்றை எடுத்து மேஜையில் போட்டார். எடைக்கு வந்ததில் அவளுக்கென்று ஒதுக்கி வைத்தது. அட்டையே இல்லை. விளிம்பு ஒரே சீராகக் கறுத்திருந்தது, முதுகு நாலு இடத்தில் ஒடிந்திருந்தது.

"இதப் பாரு. கடைசிப் பக்கம் வரைக்கும் போயிருக்கான். இவன் படிச்சவன்."

"தாத்தா, இது பழைய சிலபஸ்."

"ஏன், மனுஷனுக்கு ஈரல் இடம் மாறிடுச்சா?"

கடைக்காரர் சிரிப்பை மறைக்க இருமினார். பேத்தி சிரித்துக்கொண்டே பக்கங்களைத் தள்ளினாள். ஓரமெல்லாம் பொடி எழுத்தில் குறிப்புகள், பென்சிலில் மறுபடி வரைந்த இதயம், கண், சிறுநீரகம். அவள் முகத்தில் ஆசை தெரிந்தது. கிழவர் மகளை ஒரு பார்வை பார்த்தார். கடைசிப் பக்கத்தில் பேத்தியின் கை நின்றது. சிரிப்பும் போய்விட்டது.

"என்ன எழுதியிருக்கு?"

"மார்க்கு, தாத்தா. மூணு வருஷம் பரீட்சை எழுதியிருக்காங்க. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா குறிச்சு வச்சிருக்காங்க." கடைசி எண்ணின் மேல் விரலை வைத்தாள். "மூணாவது தடவை வாங்கினதுகூட, நான் போன வருஷம் வாங்கினதைவிடக் கம்மி."

விளிம்பு கறுக்க இப்படியும் ஒரு காரணம் இருக்கும் என்று நாற்பது வருஷத்தில் ஒரு நாளும் அவருக்குத் தோன்றியதில்லை. தோன்றிய மறு நிமிஷமே உதறித் தள்ளினார்.

"அப்ப கேள்வி போட்டவன் சரியில்ல."

"போதும்ப்பா!" மகள் கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "அந்தப் புது செட்டையே குடுங்க சார்."

புதுக் கட்டு பேத்தியின் முன்னால் வந்து உட்கார்ந்தது. அவள் அதைத் தொடவில்லை. அவள் விரல் அந்த மூன்றாவது எண்ணின் மேலேயே இருந்தது.

"இவங்க இப்ப என்ன பண்றாங்களோ, தாத்தா?"

"எடைக்குப் புஸ்தகம் வரும். ஆளா வரும்?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, வெறும் பையை மடித்துக் கக்கத்தில் செருகிக்கொண்டு வெளியே வந்தார்.

வாசலில் ஒரு வேனிலிருந்து புதுக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கிழவர் ஒன்றை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தார். பதினாலு கிலோ தேறும்.

"பெரியவரே, ஓரமா போங்க!"

அவர் ஓரமாகப் போகவில்லை. அடுக்குகளுக்கு நடுவிலேயே புகுந்து, ஒவ்வொன்றையும் கண்ணால் எடை போட்டபடி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.