மற்றும் குழுவினர்

ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லாரும் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சினிமாப் பாட்டுகளில் நாயகிக்குப் பின்னால் கேட்கும் கோரஸ் குரல்களில் ஒன்று அவளுடையது.

இசைத்தட்டுக் காலத்தில் உறையின் மேல் 'மற்றும் குழுவினர்' என்று போட்டார்கள். பெயர்களுக்கு இடமில்லையாம். கேசட் வந்தபோது அட்டை உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியது, கேட்கவே வேண்டாம். சிடியோடு ஒரு குட்டிப் புத்தகமே வந்தது. அதில் பக்கத்துக்குப் பக்கம் நாயகன் சிரித்தான். இப்போது பாட்டெல்லாம் ஃபோனில். உறையும் இல்லை, அட்டையும் இல்லை.

அன்றைக்கு மைக் முன்னால் ஆறு பெண்கள். கடைசியாகச் சேர்ந்தவள் பெரியக்காவின் மருமகள். ஆல்பம் வெளியிடும் கம்பெனி மேனேஜர், முந்தின படத்துப் பாட்டைத் தன் ஃபோனில் பெருமையாகக் காட்டினார். விரலால் தள்ளத் தள்ளப் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. கிடார் வாசித்தவர், ஒலி சேர்த்தவர், ஸ்டுடியோ உதவியாளர் வரைக்கும். அடியில், 'கோரஸ்: குழுவினர்'.

பெரியக்கா ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"இதுலயும் இடம் இல்லையா சார்?"

"அது வழக்கம்மா. யாரு அதைப் போய்ப் படிக்கப்போறா?"

"படிக்காட்டிப் போறாங்க. எங்க பேரைப் போடறேன்னு சொல்லுங்க, பாடறோம்."

மேனேஜரின் முகம் கடுத்தது. மருமகள் பக்கம் திரும்பினார். "நீ மட்டும் பாடும்மா. ஒரு குரல் போதும், கம்ப்யூட்டர்ல ஆறாப் பெருக்கிக்கலாம்."

பெரியக்கா மருமகளைப் பார்த்தாள். வாய்ப்புக்காக நாயாய் அலைந்த பெண். பாடினால் குறை சொல்ல முடியாது.

மருமகள் கொஞ்சம் யோசித்தாள். "பாடறேன் சார். என் பேரை ஆறு தடவை போடுவீங்களா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இசையமைப்பாளர் தலையைக் குனிந்துகொண்டார். ஆறு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

கீபோர்டிலிருந்து எடுத்த குரல்களோடு அந்தப் பாட்டு வெளியாகி, நன்றாகவே ஓடியது. பஸ்ஸில் அது ஒலித்தபோதெல்லாம் பெரியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதக்கணக்கில் ஒருவரும் கூப்பிடவில்லை.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்" என்றான் மகன். மாமியாரும் மருமகளும் சேர்ந்து முறைத்ததில் எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டான்.

பிறகு, புதிதாக வந்த பெண் இசையமைப்பாளர் ஒருத்தி கூப்பிட்டாள். மெஷின் குரல் அவளுக்குப் பிடிக்கவில்லையாம். பெரியக்கா எடுத்த எடுப்பிலேயே நிபந்தனையைச் சொன்னாள்.

"அதுக்கென்னக்கா, போட்டுடலாம்" என்றாள் அவள், அவ்வளவு சாதாரணமாக.

பாட்டு வெளியான காலையில் மருமகள் ஃபோனை நீட்டினாள். ஆறு பெயர்களும் இருந்தன. பெரியக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"என் பேர்ல ஒரு எழுத்து தப்பா இருக்கு."

"விடுங்க அத்தை, வந்ததே பெருசு."

"எதுக்கு விடணும்? அந்தப் பொண்ணு நம்பரைப் போடு."